அந்தமான் ஜாலி பாய் தீவு போயிட்டு வந்தோம், காசுக்குத் தகுமா?

ஜாலி பாய்னா யாரோ ஜாலியான ஒரு பாய் படகு ஓட்டுறாரு போலன்னுதான் எங்கம்மா கெளம்புற வரைக்கும் நெனச்சுட்டு இருந்தாங்க. அந்த பாய் இல்லம்மா, துறைமுகத்துல கப்பலுக்கு வழி காட்ட மிதக்க விடுவாங்கள்ல, அந்த மிதவைய இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்வாங்கன்னு விளக்கினா, "அப்ப ஜாலி எதுக்கு?"ன்னாங்க. பதில் சொல்லத் தெரியல. போயிட்டு வந்ததுக்கு அப்புறம் ரெண்டு மூணு பேரு மெசேஜ் பண்ணி கேட்டாங்க, எப்படி இருக்கு, சின்னப் பிள்ளைங்கள கூட்டிட்டுப் போலாமா, வயசானவங்களால முடியுமான்னு. எல்லாருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் மொத்தமா இங்க கொட்டிடுறேன்.

தெற்கு அந்தமான்ல வண்டூர்னு ஒரு ஊரு, போர்ட் பிளேர்ல இருந்து ரோட்டுல கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். அங்க இருந்து ஆரம்பிக்குது மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா. 1983ல அறிவிச்சது, 281 சதுர கிலோமீட்டர் சொச்சம், 15 தீவு. 15 தீவுன்னதும் ஆளுக்கொரு தீவுல எறங்கி போட்டோ எடுக்கலாம்னு நெனச்சிடாதீங்க, டூரிஸ்ட்ட எறங்க விடுறது ஜாலி பாய், ரெட் ஸ்கின்னு ரெண்டே ரெண்டுதான், அதுவும் சேர்ந்தாப்புல இல்ல, நவம்பர்ல இருந்து மே நடு வரைக்கும் ஜாலி பாய், அத மூடுனதும் ரெட் ஸ்கின், மாத்தி மாத்தி. ஒரு தீவுக்கு ஓய்வு குடுக்கத்தான். நாங்க போனது பிப்ரவரி கடைசி, அதனால ஜாலி பாய்.

இப்ப ஏஜென்ட் கதை. ஊர்ல இருந்தே ஒரு ஆளுகிட்ட ஆறு நாள் பேக்கேஜ் போட்டிருந்தோம், பேரெல்லாம் வேண்டாம். அவரு அனுப்புன லிஸ்ட்ல ஜாலி பாய் திங்கக்கிழமைன்னு போட்டிருந்துச்சு. நானும் சரி சரின்னு தலையாட்டி அட்வான்ஸ் கட்டிட்டேன். போர்ட் பிளேர் போய் எறங்கி, ஆட்டோக்காரர்கிட்ட பேச்சுவாக்குல சொன்னா அவரு சிரிக்கிறாரு, திங்கக்கிழமை அங்க லீவு சார்ங்கிறாரு. உடனே ஏஜென்ட்டுக்கு போன். "அதுக்கென்ன சார், நார்த் பே போயிடுங்க, அங்கயும் பவளப்பாறைதான், இன்னும் ஜாலியா இருக்கும்." பழைய 20 ரூபா நோட்டு, அந்த சிவப்பு நோட்டு, அதுக்குப் பின்னாடி இருக்கிற படமே நார்த் பே தான் சார்னு அதுல வேற எனக்கு பொது அறிவு. இருக்கட்டும்யா, நான் கேட்டது இது இல்லயே. கடைசில நாங்களே அலைஞ்சு பெர்மிட், படகு டிக்கெட் எல்லாம் செவ்வாய்க்கிழமைக்கு எடுத்தோம், ஆதார் ஜெராக்ஸ் நாலு பேருக்கும் கேப்பாங்க, கையில வெச்சுக்கோங்க, சீசன்ல முன்னாடியே டிக்கெட் தீந்துடும். பேக்கேஜ்ல அதுக்குன்னு கட்டுன காசு இன்னும் வரும் வரும்னு சொல்லிட்டே இருக்காரு.

அங்க விடியுறது ரொம்ப சீக்கிரம். நம்ம நேரம்தான் ஓடுது, ஆனா இடம் அவ்வளவு கெழக்க இருக்கிறதால காலைல அஞ்சரைக்கெல்லாம் பளபளன்னு விடிஞ்சிடுது, சாயங்காலம் அதே அஞ்சரைக்கு வெளக்கு போட வேண்டியிருக்கு. ஆறு மணிக்கு டாக்ஸில கெளம்பிட்டோம். வண்டூருக்கு அரசு பஸ்ஸும் உண்டு, அம்மாவுக்கு முட்டி வலிங்கிறதால டாக்ஸி. போற வழில சிப்பிகாட்னு ஒரு எடம், ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஏரி மாதிரி தண்ணி, நடுவுல காஞ்ச மரம் குச்சி குச்சியா நிக்குது. அழகா இருக்கேன்னு வீட்டுக்காரம்மா போன எடுத்தாங்க. டிரைவர் சொன்னாரு, இது ஏரி இல்ல மேடம், வயலு. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்துல இந்தப் பக்கம் பூமியே சுமார் ஒரு மீட்டர் கீழ எறங்கிடுச்சாம், சுனாமில வந்த கடல் தண்ணி மத்த பல ஊர்ல திரும்பிப் போச்சு, இந்த மாதிரி தாழ்ந்த எடத்துல போகவே இல்ல, நெல்லு வெளைஞ்ச எடத்துல இப்ப உப்புத்தண்ணி. அதே நிலநடுக்கத்துல வடக்கு அந்தமான் பக்கம் பூமி மேல தூக்கிருச்சு, அங்க பவளப்பாறை தண்ணிக்கு வெளிய வந்து காஞ்சே செத்துச்சு. ஒரு தீவுக் கூட்டம், ஒரு முனை முங்குது ஒரு முனை எழும்புது. போன எடுத்தவங்க அப்படியே பைக்குள்ள வெச்சுட்டாங்க.

இன்னொண்ணு, போர்ட் பிளேர்னு நான் எழுதுறத பாத்து யாராச்சும் திருத்த வருவீங்க. 2024 செப்டம்பர்ல பேர ஸ்ரீ விஜய புரம்னு மாத்திட்டாங்க, தெரியும், ஆனா அங்க நாங்க பேசுன ஒருத்தர் வாயிலயும் இன்னும் அது வரல. சோழர் கடற்படைய எல்லாம் சொல்லித்தான் பேர மாத்துனாங்க, ஆனா பாருங்க, நம்ம ராஜேந்திர சோழன் 1025 வாக்குல கப்பல் கப்பலா ஆள அனுப்பி அடிச்சதே ஸ்ரீவிஜயத்த தான். சரி விடுங்க, ரிவ்யூக்கு வருவோம்.

வண்டூர்ல முக்கியமான கட்டம் செக்கிங். சும்மா பேருக்கு இல்ல, பைய தொறந்து ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்குறாங்க. பிளாஸ்டிக் எதுவும் தீவுக்குப் போகக் கூடாது. வாட்டர் பாட்டில் கூடாது, சிப்ஸ் பாக்கெட் கூடாது, கேரி பேக் கூடாது. தண்ணிக்கு அங்கயே டெபாசிட் வாங்கிட்டு பாட்டில் வாடகைக்குத் தர்றாங்க, திரும்பி வந்து குடுத்தா டெபாசிட் கெடைக்கும். எங்களுக்கு மாட்டுனது மக்ரூன். தூத்துக்குடிக்காரன் வெளியூர் போனா பையில மக்ரூன் இல்லாம போவானா, அம்மா அரைக் கிலோ எடுத்து வெச்சிருந்தாங்க, பேக்கரி கவரோட. செக்கிங் காவலர் அந்தக் கவர தூக்கிப் புடிச்சு இது என்னன்னு ஹிந்தில கேக்குறாரு. முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சீனின்னு ஹிந்தில சொல்றதுக்கு எனக்கு எங்க வார்த்தை வரும். இட்லி கொண்டு வந்த எவர்சில்வர் டப்பால ஒண்ண காலி பண்ணி, அதாவது காலைல ஏழு மணிக்கே ஆளுக்கு நாலு இட்லிய நின்னுக்கிட்டே முழுங்கி, அதுல மக்ரூன மாத்தினோம். கவர அவரு வாங்கி வெச்சுக்கிட்டாரு. ஒரு மக்ரூன் எடுத்துக்கோங்கன்னு அம்மா நீட்டினாங்க, டூட்டில இருக்கேன்னு சைகை காட்டிட்டு, அப்புறம் எடுத்துக்கிட்டாரு.

பக்கத்துல சில பேரு சண்டை போட்டுட்டு இருந்தாங்க, குழந்தைக்கு பிஸ்கட் கூடவா எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு. பிஸ்கட் போலாம்ங்க, கவர்தான் போகக் கூடாது. முன்னாடி நாளே டப்பால போட்டுட்டு வந்தா இந்தப் பஞ்சாயத்தே கெடையாது. என்னைக் கேட்டா அந்தப் பூங்காவுல ஒழுங்கா நடக்குற மொத விஷயமே இந்த செக்கிங்தான். தீவுல எறங்கி மூணு மணி நேரம் சுத்தியும் ஒரு சாஷே பேப்பர் என் கண்ணுல படல. நம்ம ஊரு முத்துநகர் பீச்ச மனசுல வெச்சுப் பாருங்க, புரியும்.

எட்டரை ஒம்பது வாக்குல படகு எடுத்தாங்க. லைஃப் ஜாக்கெட் கட்டாயம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. இந்தப் பயணமே தனியா காசு குடுத்துப் பாக்கலாம், திறந்த கடல் இல்ல, தீவுக்கும் தீவுக்கும் நடுவுல கால்வாய் மாதிரி போகுது, ரெண்டு பக்கமும் தண்ணி ஓரம் வரைக்கும் காடு. பிச்சாவரம் போனவங்களுக்கு சுரபுன்னை தெரியும், அதே வேர், ஆனா அதுக்குப் பின்னாடி மலை மாதிரி மரம் எழும்பி நிக்குது, அங்க பாத்த மாதிரி இல்ல. ஒரு வீடு கெடையாது, ஒரு டவர் கெடையாது. தீவு பேரெல்லாம் ஒரு மாதிரி, க்ரப், ஸ்னாப், புளூட்டோ, போட், டார்முக்ளி, ட்வின்ஸ்னு ரெட்டைத் தீவு. தண்ணி கலர் மொதல்ல கலங்குன பச்சை, சதுப்புநிலம் தாண்டினதும் கண்ணாடிப் பச்சை, அப்புறம் நீலம், அந்த எல்லைக்கோடு படகுக்கு அடில போறத பையன் கத்திக் காட்டினான்.

தீவுல படகு அணைஞ்சு நிக்க மேடை கெடையாது, பெரிய படகு கொஞ்சம் தள்ளியே நின்னுடும். அங்க இருந்து அடில கண்ணாடி போட்ட சின்னப் படகுக்கு மாறணும். வயசானவங்கள கூட்டிட்டுப் போறவங்க இந்த எடத்த கவனமா படிங்க, ரெண்டு படகும் ஆடுது, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு காலெடுத்து வைக்கணும், எடைப்பட்ட நேரம் ரெண்டு செகண்டு. எங்கம்மாவுக்கு 67, முட்டி வலி. தயங்கி நின்னுட்டாங்க. கீழ நின்ன படகுக்காரப் பையன் அண்ணாந்து பாத்து, "கீழ பாக்காதீங்கம்மா, என் தோள புடிச்சுக்கோங்க, வலது கால மொதல்ல வைங்க"ன்னான், சுத்தமான தமிழ்ல. அம்மாவுக்கு பாதி பயம் அங்கயே போச்சு. உக்காந்ததும் விசாரணை ஆரம்பம், எந்த ஊருய்யா நீ. தாத்தா ராமநாதபுரம் பக்கம்மா, வேலைக்கு வந்தவரு அப்படியே தங்கிட்டாரு, நான் ஊரு பாத்ததே இல்ல, ஒரு தடவை சென்னை வந்திருக்கேன், அதுவும் ஆஸ்பத்திரிக்குன்னு சொன்னான். தமிழ் நடுவுல நடுவுல ஹிந்தி வந்து விழுது, அவன் கவனிக்கிறதே இல்ல.

டிக்கெட்லயே சேர்ந்து வர்ற கண்ணாடிப் படகு சவாரி கொஞ்ச நேரம்தான், கால் மணி நேரம் இருக்கும். இன்னும் ஆழமா, இன்னும் நேரம் சுத்தணும்னா தனிக் காசு. மொத அஞ்சு நிமிஷம் எனக்கு ஏமாத்தமாத்தான் இருந்துச்சு, உண்மைய சொல்லணும்ல. நோட்டீஸ்ல எல்லாம் சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமா ஜொலிக்கும், இங்க கண்ணாடிக்குக் கீழ சாம்பல் கலர்ல ஒடஞ்ச குச்சிங்க குவிஞ்சு கெடக்கு, எலும்பு மாதிரி. அது செத்த பவளம். உயிரோட இருக்கிற பவளம்ங்கிறது ஒரு பூச்சி மாதிரி சின்ன உயிரு, அதுக்குள்ள ஒரு பாசி குடியிருக்கு, சாப்பாடு பெரும்பாலும் அந்தப் பாசி போடுறது, கலரும் அதோடதுதான். கடல் தண்ணி வழக்கத்தவிட சூடாகி அது சில வாரம் நீடிச்சா அந்தப் பாசி வெளியேறிடும், பவளம் வெளுத்துடும், சூடு சீக்கிரம் தணிஞ்சா பாசி திரும்ப வரும், இல்லன்னா பட்டினில சாவு. அந்தமான்ல 2010 கோடைல இது பெரிய அளவுல நடந்துச்சு, 2016ல மறுபடியும். மான்கொம்பு மாதிரி கெளை விடுற பவளம்தான் மொதல்ல போகும், பாறாங்கல்லு மாதிரி உருண்டையா வளர்றது தாக்குப் புடிக்கும். நாங்க பாத்ததும் அப்படியேதான், குச்சி எல்லாம் செத்துக் கெடக்கு, நடுநடுவுல வண்டிச் சக்கரம் அகலத்துக்கு உருண்டைங்க பழுப்பும் பச்சையுமா உயிரோட.

அப்பதான் அம்மா கண்ணாடி மேல குனிஞ்சு பாத்துட்டு என் கையப் புடிச்சாங்க. "ஏய்யா, இது நம்ம வீட்டுச் சுவருல்லா?"

எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம்தான் சொன்னாங்க. அம்மாவோட ஆச்சி வீடு கடற்கரைத் தெருவுல இருந்துச்சு, அந்தக் காலத்து வீடு, கடல்ல இருந்து வெட்டிட்டு வந்த கல்லுல கட்டுனது. சாந்து உதிர்ந்த எடத்துல சுவர்ல இதே மாதிரி பூப்பூவா நட்சத்திரம் நட்சத்திரமா குழி இருக்குமாம், சின்னப் பிள்ளைல அதுக்குள்ள குச்சிய விட்டு விளையாடுவாங்களாம். கல்லுன்னுதான் எல்லாரும் நெனச்சோம், உயிருன்னு யாருக்குத் தெரியும்னாங்க. மன்னார் வளைகுடால வருஷக்கணக்கா இதே பவளத்த வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் எடுத்தாங்க, எங்க ஊருக்கும் பாம்பனுக்கும் நடுவுல இருக்கிற 21 தீவும் 1986ல தேசியப் பூங்கா ஆச்சு, அதுல ரெண்டு இப்ப தண்ணிக்குள்ள முங்கியே போச்சு. கடலோரத்துல பொறந்து அம்பது வருஷம் மீன் வாங்கித் தின்னுட்டு, வீட்டுச் சுவரு எதுல செஞ்சதுன்னு தெரிஞ்சுக்க 1600 கிலோமீட்டர் தள்ளி வர வேண்டியிருந்துச்சு அம்மாவுக்கு. அந்தக் கால் மணி நேரமும் அவங்க நிமிரவே இல்ல. தம்பி, இன்னொரு ரவுண்டு போறியான்னு அவங்களே கேட்டு, அவங்களே சுருக்குப்பைய அவுத்தாங்க.

கண்ணாடிப் படகோட நிறுத்திக்காதீங்க, ஸ்நார்க்கலிங் பண்ணுங்க, அதாவது மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டிட்டு முகத்த தண்ணிக்குள்ள வெச்சு மிதந்துக்கிட்டே பாக்குறது. இதுதான் நான் இந்த ரிவ்யூல சொல்ல வந்த விஷயமே. கண்ணாடி வழியா பாக்குறது கல்யாண மண்டபத்துக்கு வெளிய நின்னு எல்இடி திரைல தாலி கட்டுறத பாக்குற மாதிரி. நீச்சல் தெரியணும்னு இல்ல, கைடு ஒரு டியூப்ல உங்களப் புடிக்க வெச்சு அவரே இழுத்துட்டுப் போவாரு. மாஸ்க் போட்டா மூக்கால மூச்சு விட முடியாது, வாயில வெச்ச குழாய் வழியா மட்டும்தான், இது பழக அஞ்சு நிமிஷம் ஆகும். என் வீட்டுக்காரம்மா மதுரை, வைகைல தண்ணி வந்தா கூட்டத்தோட போய் வேடிக்கை பாக்குற ஊரு, ரெண்டு தடவை உப்புத்தண்ணி குடிச்சிட்டு எனக்கு வேண்டாம்னு எழுந்துட்டாங்க, மூணாவது தடவை உள்ள முகத்த வெச்சவங்க அப்புறம் நான் தோளத் தட்டினாலும் திரும்பல.

முகம் தண்ணிக்குள்ள போனதும் மொதல்ல வர்றது சத்தம். கடக் கடக்னு யாரோ முறுக்கு கடிக்கிற மாதிரி. கிளி மீனு. பேருக்கேத்த மாதிரி பச்சையும் நீலமும் ரோஸுமா, வாய் அப்படியே கிளி மூக்கு, அத வெச்சு பவளப்பாறைய சுரண்டி கடிச்சுத் தின்னுது, தின்னுட்டு அங்கயே பின்னாடி வெள்ளையா ஒரு மேகம் விடுது. கைடு மேல வந்து சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, அதுதான் சார் மணல். பீச்சுல பவுடர் மாதிரி வெள்ளையா மிதிச்சிட்டு வந்தோமே, அதுல பெரிய பங்கு இந்த மீனோட வயித்துல அரைச்சு வந்ததாம். பையன்கிட்ட சொன்னேன், அன்னைக்கு முழுக்க பாக்குறவங்ககிட்டல்லாம் இது மீன் கக்கா மீன் கக்கான்னு சொல்லிட்டுத் திரிஞ்சான்.

அப்புறம் ஒரு ராட்சதச் சிப்பி, பவளத்துக்குள்ள பதிஞ்சு வாயத் தொறந்து வெச்சிருக்கு, உதடு ஓரம் நீலமும் ஊதாவுமா வெல்வெட் துணி மடிச்சு வெச்ச மாதிரி, புள்ளி புள்ளியா. அந்தப் புள்ளி எல்லாம் அதுக்கு வெளிச்சம் பாக்குற கண்ணு. என் நிழல் அது மேல விழுந்ததும் சட்டுன்னு பாதி மூடுச்சு. விலகினேன், மெதுவா தொறந்துச்சு. நான் மறுபடியும் போனேன், மறுபடியும் மூடுச்சு. நாலாவது தடவை கைடு என் கணுக்காலப் புடிச்சு இழுத்துட்டாரு, தொந்தரவு பண்ணாதீங்க சார்னு. நியாயம்தான். கடல் சாமந்திக்குள்ள ஆரஞ்சு கலர் கோமாளி மீன் ரெண்டு, நம்ம விரல விட சின்னது, நம்மளயே மொறைச்சு வெரட்ட வருது. மணல்ல கடல் அட்டை கெடக்கு, எங்க ஊர்ப் பக்கம் இத கடத்தி எத்தன கேஸு, இங்க வெள்ளரிக்கா மாதிரி தேமேன்னு கெடக்கு. தண்ணிக்குள்ள எழுந்து மட்டும் நிக்காதீங்க, பவளத்து மேல ஒரு மிதி மிதிச்சா பத்து வருஷ வளர்ச்சி போயிடும், கால்லயும் கிழிச்சிடும், அந்தப் புண்ணு லேசுல ஆறாது. சன்ஸ்கிரீன் பூசிட்டுத் தண்ணில எறங்காதீங்க, அதுல இருக்கிற சில கெமிக்கல் பவளத்துக்கு விஷம், முழுக்கை டீ-ஷர்ட் போட்டுட்டு எறங்கினா போதும். நான் அரைக்கை போட்டுட்டுப் போனேன், முதுகும் கழுத்தும் தோசை மாதிரி முறுகி மூணு நாள் மல்லாக்க படுக்க முடியல.

கரைல கடை கெடையாது, டீ கெடையாது, இளநி கூட கெடையாது. நாங்க போனப்ப செல்லுல ஒரு கோடு சிக்னல் இல்ல. பாத்ரூம் சமாச்சாரத்த வண்டூர்லயே முடிச்சிடுங்க, தீவுல இருக்கும்னு நம்பி ஏறாதீங்க, பொண்ணுங்களுக்கும் சர்க்கரை இருக்கிறவங்களுக்கும் இது பெரிய விஷயம், யாரும் முன்னாடியே சொல்றதில்ல. ட்ரெஸ் மாத்த ஒரு மறைவு இருக்கு, அவ்வளவுதான். சாப்பாடு நீங்க கொண்டு போனாத்தான், மிச்சம் மீதி எல்லாத்தையும் திரும்பத் தூக்கிட்டு வரணும். நாங்க மர நிழல்ல உக்காந்து மிச்ச இட்லியும் மொளகாப்பொடியும் மக்ரூனும் சாப்பிட்டோம். உப்புத்தண்ணில ஊறி எழுந்த பசிக்கு அந்த ஆறுன இட்லிய எந்த ஓட்டலும் குடுக்காது.

சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது பையன் ஒரு சங்கு எடுத்துட்டு ஓடி வந்தான், வழுவழுன்னு, கட்டை விரல் அளவு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமான்னான். நான் பதில் சொல்றதுக்குள்ள அங்க நின்ன காவலர் வந்து அத வாங்கி உள்ளங்கைல கவுத்து வெச்சாரு. ஒண்ணும் பேசல. அரை நிமிஷம். உள்ள இருந்து மொதல்ல ஒரு மீசை, அப்புறம் சிவப்பா ஒரு கால், அப்புறம் எட்டிப் பாக்குற ரெண்டு கண்ணு. நண்டு. வீட்டோட தூக்கிட்டு வந்திருக்கான். காலி சங்கா இருந்தாலும் எடுக்கக் கூடாதாம், நாளைக்கு இதவிட பெருசா வளர்ற நண்டு எங்க குடி போகும்னு கேட்டாரு. பையன் போய் எடுத்த எடத்துலயே வெச்சுட்டு வந்தான், அப்புறம் அரை மணி நேரம் அங்கயே காவலுக்கு உக்காந்துட்டான். பவளத்துண்டு எடுத்தா அது வேற லெவல் பிரச்சனை, பவளம் 2001ல இருந்து வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. செத்த துண்டுதானேன்னு பையில போட்டா திரும்பி வர்றப்ப ஏர்போர்ட் ஸ்கேனிங்ல மாட்டுவீங்க.

குறைன்னு பாத்தா நேரம். கைடுக்கு வரிசைல நிக்கணும், கண்ணாடிப் படகுக்கு வரிசைல நிக்கணும், அதுல பாதி போயிடுது, ஒண்ணரைக்கெல்லாம் விசில் ஊதி கெளப்பிட்டாங்க. எங்களுக்கு மொதல்ல வந்த கைடு பத்தே நிமிஷத்துல கரைக்குத் திருப்பிட்டாரு, அரை மணி நேரத்துக்கு காசு வாங்கிட்டு. பேசித்தான் இன்னொரு ரவுண்டு வாங்கினோம், எறங்குறதுக்கு முன்னாடியே வாட்ச்சக் காட்டி நேரத்தப் பேசிக்கோங்க. ஜெட் ஸ்கி, கடலுக்கடில தலைல கூண்டு மாட்டிட்டு நடக்குறது, இதெல்லாம் வேணும்னா நார்த் பே போங்க, இல்ல ஹேவ்லாக், இப்ப அது ஸ்வராஜ் தீவு, அங்க எலிஃபன்ட் பீச் போங்க, அங்க கடையும் உண்டு. ஜாலி பாய்ல ஜாலிங்கிற ஐட்டம் எதுவும் இல்ல, மீனு இருக்கு, அவ்வளவுதான். ரீல்ஸ் எடுக்கப் போறவங்களுக்கு ஒரு மணி நேரத்துல போர் அடிச்சிடும், எங்க படகுலயே ஒரு கோஷ்டி மரத்தடில படுத்துத் தூங்கிட்டு வந்துச்சு. கைக்குழந்தையோட போக வேண்டாம்ங்கிறது என் கருத்து. வயசானவங்க போலாம், அந்தப் படகு மாறுற எடத்துல மட்டும் ரெண்டு பேரு கூட நில்லுங்க.

மார்க்? அஞ்சுக்கு நாலு. தீவுக்கு மட்டும்னா நாலரை போடுவேன்.

திரும்பி வண்டூர் வந்ததும் அந்த பீச்சையும் ஒரு எட்டு பாத்தோம், சுனாமில சாஞ்ச மரமெல்லாம் வேரோட இன்னும் கரைல கெடக்கு, அது மேல ஏறி உக்காந்து எல்லாரும் போட்டோ எடுக்குறாங்க. முதலை எச்சரிக்கை போர்டு பாத்தீங்கன்னா அத வெளையாட்டா எடுத்துக்காதீங்க, பக்கத்துலயே லோஹாபராக்ல உப்புத்தண்ணி முதலைக்குன்னு தனி சரணாலயமே இருக்கு, வலை கட்டி விட்டிருக்கிற எடத்தத் தாண்டி எறங்காதீங்க. ராத்திரி அம்மா ஊர்ல இருக்கிற சித்திக்கு போன் போட்டாங்க. விமானம் எப்படி, ஓட்டல் எப்படின்னு அவங்க கேட்ட எதுக்கும் பதில் சொல்லல, "ஏட்டி, ஆச்சி வீட்டுச் சுவரு இங்கன உசுரோட கெடக்குட்டி"ன்னு ஆரம்பிச்சவங்க ஒரு மணி நேரம் வெக்கல.

கடைசியா ஒண்ணு, வாடகைக்கு எடுத்த அந்தத் தண்ணி பாட்டில வண்டூர்லயே திருப்பிக் குடுத்து டெபாசிட்ட வாங்கிடுங்க. நாங்க மறந்து டாக்ஸில ஏறிட்டோம். ரெண்டு பாட்டிலும் இப்ப தூத்துக்குடில எங்க ஃப்ரிட்ஜ்ல இருக்கு.